பேச்சுவார்த்தையில் கிடைத்த கூலர்

எங்கள் அலுவலகத்தில் போராட்டம் என்றால் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான். டெல்லி லோதி ரோட்டு வெயிலில் கேட் அருகே நின்று கோஷம் போடுவோம். இடைவேளை முடிந்ததும் அவரவர் இருக்கைக்குத் திரும்பிவிடுவோம். கொரோனா ஓய்ந்த பிறகு வந்த கோடை அது. பழைய பென்ஷனை வாங்காமல் ஓயமாட்டோம் என்று சங்கத் தலைவர் ஹிந்தியில் முழங்கிக்கொண்டிருந்தார்.

அவரைப் போன்ற பழைய ஆட்களுக்கு அந்தப் பென்ஷன் நிச்சயம். அதற்கென்று சம்பளத்தில் பிடித்தமும் இல்லை. பின்னால் சேர்ந்த எங்களுக்கோ மாதாமாதம் பிடித்தம். பணம் சந்தைக்குப் போகும். என்ன திரும்பி வரும் என்பது ஓய்வுபெறும்போதுதான் தெரியும்.

எனக்கு ஓய்வுபெற இன்னும் முப்பது வருஷம் இருந்தது. பக்கத்தில் நின்ற மதுரைக்கார அக்காவுக்கு அந்த மாதக் கடைசி வரைதான். வருஷக்கணக்கில் தினக்கூலியாக அலுவலகத்தைக் கூட்டியவர். அவரை நிரந்தரமாக்கியபோது பழைய பென்ஷன் நின்றுபோயிருந்தது.

"உள்ளே அதிகாரிங்ககிட்ட பேசப் போறவங்கள்ல, பிடித்தம் ஆகிறவங்க யாராவது இருக்காங்களா?" என்று ஹிந்தியில் கேட்டேன். கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை.

"அச்சா. நீயே வா, பேட்டி" என்று மகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அதிகாரிகளுக்கு எதிரே நாற்காலியில் உட்காரப் போகும் கர்வத்தை நான் மறைக்கவில்லை. அக்கா என் துப்பட்டாவைச் சரிசெய்தார். "பயப்படாமப் பேசு பாப்பா. என்னயப் பத்தியும் சொல்லு."

பேச்சுவார்த்தையில் முதல் கோரிக்கையே பென்ஷன்தான். "இது எங்கள் கையில் இல்லை, மேலே அனுப்புகிறோம்" என்றார் அதிகாரி. நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுபடியும் "மேலே அனுப்புகிறோம்" என்றார். தலைவர் தலையாட்டிவிட்டு அடுத்த கோரிக்கைக்குப் போனார். இந்தப் பதில் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஹாலுக்குக் கூலர் கேட்டபோதுதான் எங்கள் தரப்பில் அனல் பறந்தது. அதில் ஜெயித்தோம்.

அக்கா படிக்கட்டில் காத்திருந்தார்.

"குடுத்துட்டாங்களா பாப்பா?"

"மேல அனுப்புறாங்களாம்க்கா."

"மேலன்னா எங்க?"

நான் கையை மேலே காட்டினேன்.

"வேற ஒண்ணும் இல்லையா?"

"ஹாலுக்குக் கூலர் வருதுக்கா."

"என் ஸ்டூல் பக்கமா வைக்கச் சொல்லு. அங்கதான் காத்தே வராது" என்றார் சட்டென்று. பிறகுதான் மாதக் கடைசி அவர் நினைவுக்கு வந்தது. "சரி, எனக்கப்புறம் வர்றவளாவது நல்லா இருக்கட்டும்."

டீ கிளாஸ்களை எடுக்க உள்ளே போனார்.