பலாவடியில் நட்ட குழாய்

"மண்ணோட தாகத்த ஒரு முள்ளு சொல்லிப்புடுமா கண்ணு?" என்று பெரியப்பா கேட்டார். எனக்கு ரோஷமாக இருந்தது. எங்கள் வீட்டில் எண் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு.

வளப்பூர் நாட்டில் எங்கள் மிளகுக் கன்றுகளுக்கு ஊற்றுத் தண்ணீர் முறைவைத்து வரும். விவசாய ஆபீசர் ஒருவர் வந்து பலாமரத்தடியில், சப்பட்டைக் கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் நிரப்பிய குழாய் ஒன்றை மண்ணில் இறக்கினார். அதன் தலையில் கடிகாரம் போல ஒரு வட்டம். மண் காய்ந்தால் குழாயிலுள்ள தண்ணீரைக் குடிக்கும், முள் ஏறும், சிவப்புக் கோட்டைத் தொட்டால் பாய்ச்சுங்கள் என்றார். பின்னால் நின்ற அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எவ்வளவு ஆழத்துலீங்க குடிக்குது?"

தினமும் பள்ளிக்குப் போகுமுன் முள்ளைப் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. பங்குனி வெயிலில் காடே வெடித்துக் கிடந்தது. முள் மாலையில் கொஞ்சம் ஏறியிருக்கும், விடிந்தால் இறங்கியிருக்கும். மழை பெய்யவில்லை. குழாயைச் சுற்றி மட்டும் மண் கறுத்துக் குளிர்ந்திருந்தது. தொட்ட விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஈரம் என்று எழுதினேன். அப்பா என் எழுத்தை நம்பி இரண்டு முறைத் தண்ணீரைப் பெரியப்பா காட்டுக்கு விட்டுக்கொடுத்தார்.

மூன்றாவது முறையன்று விடியலிலேயே போனேன். மூடுபனிக்குள் குரல் கேட்டது.

"மெதுவாக் குடி கண்ணு. யாரும் புடுங்க மாட்டாங்க."

அம்மா என்னைத்தான் சொல்கிறாள் என்று நின்றேன். அவள் முதுகு காட்டிக் குந்தியிருந்தாள். கையில் சொம்பு சாய்ந்திருந்தது. எதிரில் யாருமில்லை.

ஓடிவந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கும் ஈரம் என்றே எழுதினேன். முள் அப்படித்தான் காட்டியது. அந்த முறையும் போயிற்று. கன்றுகள் எல்லாம் கருகின. கருகிய கொடி ஒன்றை அப்பா கையில் கொடுத்து, உம் மகள் படிப்பு நல்லாத்தான் வேலை செய்யுது என்றார் பெரியப்பா. அப்பா என்னைத் திட்டவில்லை. அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு முன்னால் பிறந்து பத்து நாள் இருந்த அண்ணன் அந்தக் கல்லடியில்தான் கிடக்கிறான் என்பது, மண்ணைப் பற்றிப் படிக்கக் கல்லூரிக்குப் போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.

படிப்பு முடித்து ஊருக்கே திரும்பிவிட்டேன். போன வாரம் மேல்காட்டில் வேறொரு குழாய் நட்டேன். இனி அதன் எண்தான் நோட்டில் ஏறும். பலாவடிக் குழாயைப் பிடுங்கவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி, நான்கு நாளாக அவளால் இறங்கி வர முடியவில்லை. நேற்றுக் காலை பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. வீட்டுக்குத் திரும்பி, சொம்பை நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன்.