சிவப்புப் பேனை ரீச்சர்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஸ்ரெல்லா ரீச்சரிடம் இங்கிலீஷ் படித்தவர்கள் இன்று லண்டனில் வழக்குப் பேசுகிறார்கள், ரொறன்ரோவில் வீடு விற்கிறார்கள். ரீச்சருக்கு அதில் பெருமைதான். ஆனால் அவருடைய சிவப்புப் பேனைக்குத் தப்பியவர் எவருமில்லை. கலியாணக் கார்ட் கொடுக்கப் போனாலும் பிழை திருத்திக் கையில் தந்துதான் வாழ்த்துவார். அந்தப் பழக்கம்தான் கூடப்பிறந்தவளையே அவரிடமிருந்து பறித்துக்கொண்டது.

ஒன்பது வருடத்துக்கு முன் தாய் கண்மூடியபோது தங்கை பியாட்றிஸ் கனடாவில் இருந்தாள். "அக்கா, ரெண்டு நாள் பொறு, நான் வாறன்" என்று கெஞ்சினாள். ரீச்சர் பொறுக்கவில்லை. அடக்கம் முடிந்துவிட்டது. தாயின் முகத்தைப் பார்க்கக் கிடைக்காத ஆத்திரத்தில் பியாட்றிஸ் எட்டுப் பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள், இங்கிலீஷில். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த அந்தக் குடும்பத்தில் கடிதம் என்றால் இங்கிலீஷ்தான். ரீச்சர் என்ன செய்தார்? பத்தொன்பது பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்து, அதே கடிதத்தைத் திருப்பி அனுப்பினார். அடியில் மார்க்ஸ் போடாததுதான் குறை. பிறகு மனம் கேளாமல் அவர் எழுதிய மூன்று கடிதங்களும் உடைபடாமலே திரும்பி வந்தன.

இந்த வருடம் ரீச்சருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையை எடுத்தால் உயிர் மிஞ்சும், குரல் மிஞ்சாது. ஒப்பரேஷனுக்கு நாளும் குறித்தாயிற்று. நடுவில் பன்னிரண்டு நாட்கள். எழுத்தால் செய்த பாவத்தை எழுத்தால் கழுவ முடியாது, பேச்சு இருக்கும்போதே தங்கையிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு அவருக்கு. பியாட்றிஸின் மகள் ஷரோனுக்குப் போன் எடுத்தார்.

"அம்மாவோடை ஒருக்காக் கதைக்கவேணும், பிள்ளை."

"சொன்னனான் பெரியம்மா. அவ யோசிக்கிறா" என்று மறுநாள் பதில் வந்தது.

வருத்தத்தைப் பற்றி ரீச்சர் மூச்சுக் காட்டவில்லை. "நோயைக் காட்டி மன்னிப்பு வாங்கிறது பிச்சை எடுக்கிற மாதிரி. நீயும் ஒருத்தருக்கும் சொல்லப்படாது" என்று பக்கத்து வீட்டு ஹன்னாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "அப்ப குரலையாவது பதிஞ்சு அனுப்புங்கோவன்" என்றாள் ஹன்னா. பதிந்தார். போட்டுக் கேட்டால் டிக்டேஷன் சொல்வதுபோல் இருந்தது. வீம்பு பிடித்த மனுசி, அழித்துவிட்டார்.

கடைசி வகுப்பில், கட்டிய குரலில், 'கோர்ட்' என்ற சத்தம் வரும் சொற்களை எடுத்தார்.

"டிஸ்கோர்ட் எண்டா என்ன?"

"பிணக்கு, ரீச்சர். கோர்ட் எண்டாக் கயிறெல்லோ, அது அறுந்த மாதிரி" என்றாள் தர்சிகா.

"கயிறில்லை. அக்கோர்ட், கொன்கோர்ட், டிஸ்கோர்ட் எல்லாம் லத்தீனிலை இதயம் எண்ட சொல்லிலையிருந்து வந்தது. ரெண்டு இதயம் ஒத்துப்போனாக் கொன்கோர்ட். பிரிஞ்சா டிஸ்கோர்ட். பாட்டிலை சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற கோர்டும் அந்த வீட்டுப் பிள்ளைதான். எழுத்திலை மட்டும் கயிற்று வீட்டு உடுப்பைப் போட்டுக்கொண்டு திரியுது."

"அப்ப வோகல் கோர்ட், ரீச்சர்?"

"அது கயிறுதான்." பலகையில் 'குரல்நாண்' என்று எழுதியவர், இன்றைக்குப் போதும் என்றார். நேரத்தோடு வீட்டுக்குப் போகிற சந்தோசம் பிள்ளைகளுக்கு.

பன்னிரண்டு நாளும் ஓடிப்போயின. பியாட்றிஸ் யோசித்து முடிக்கவில்லை.

ஒப்பரேஷன் முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகு, ஒரு பின்னேரம், வீட்டில் தனியாக இருந்த ரீச்சரின் போன் அடித்தது.

"அக்கா, நான் பியா. நீ கதைக்கவேணுமெண்டு ஷரோன் சொன்னவள். சரி, கதை."

ரீச்சரின் உதடு அசைந்தது. மூச்சுக்காகக் கழுத்தில் போட்ட துளையால் காற்றுத்தான் வந்தது.

"அக்கா? இருக்கிறியோ? மூச்சு விடுறது கேக்குது."

ரீச்சர் கொப்பியை இழுத்து எழுதினார். முற்றத்துக்கு ஓடிப் போய், கையில் அகப்பட்ட அகப்பையால் மதிற்சுவரில் அடி அடியென்று அடித்தார். ஹன்னா ஈரக்கையோடு ஓடி வந்தாள். போனை அவள் காதில் வைத்து, கொப்பியை முகத்துக்கு நேரே பிடித்தார்.

ஹன்னா தட்டுத்தடுமாறி வாசித்தாள். "நான் செய்தது பெரிய பிழை. என்னை மன்னிச்சுக்கொள், பியா... எண்டு ரீச்சர் எழுதிக் காட்டுறா."

"எழுதிக் காட்டுறாவோ?" அந்தப் பக்கம் குரல் உடைந்தது. "ஒன்பது வருசத்துக்குப் பிறகும் எனக்கு எழுத்துத்தானோ? வாயாலை சொன்னா வாய் தேஞ்சுபோமோ?"

ஹன்னாவுக்குச் சத்தியம் நினைவு வந்தது. ரீச்சரைப் பார்த்தாள். சொல்லு, சொல்லு என்று ரீச்சர் கையைக் கூப்பினார். "ரீச்சருக்குத் தொண்டையிலை..." என்று அவள் தொடங்குவதற்குள் போன் வைத்தாயிற்று. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். பியாட்றிஸ் எடுக்கவில்லை.

"ஷரோனுக்கு எடுத்து எல்லாத்தையும் சொல்லட்டோ, ரீச்சர்?"

ரீச்சர் ஓமென்று தலையாட்டினார். சொன்னால் பியாட்றிஸ் அழுதுகொண்டு ஓடி வருவாள். கட்டிப்பிடிப்பாள், மன்னிப்பாள், எல்லாம் நடக்கும். ஆனால் ஒன்பது வருடம் அவள் காத்திருந்தது அக்காவின் வாயால் வரும் ஒரு சொல்லுக்கு. அந்தச் சொல் இனி அவளுக்குக் கிடைக்காது.