கர்த்தருடைய அரிசி

எங்கள் கடைசிப் பிள்ளை எஸ்தருக்கு நெருப்புக்காய்ச்சல், இங்கிலீசில் டைபாய்ட், என்று டிஸ்பென்சரி அப்போதிக்கரி ஐயா சொன்னது ஐம்பத்தைந்தாம் ஆண்டு மாசி மாதம். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. காலபோக நெல் வெட்ட இன்னும் மூன்று கிழமை இருந்தது. குடியேற்றக் காணியில் சீவிக்கிற உங்களுக்கு அந்த மூன்று கிழமையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பழைய நெல் முடிந்திருக்கும், புதுநெல் வயலில் நிற்கும், நாங்கள் பார்த்துக்கொண்டு இருப்போம்.

இந்தக் காய்ச்சலுக்கு இப்போது புதுமருந்து வந்திருக்கிறது, நன்றாகக் கேட்கும் என்றார் ஐயா. டிஸ்பென்சரியில் அது இல்லை. பெரியாஸ்பத்திரியிலும் முடிந்துவிட்டதாம். மருந்தின் பெயரை ஒரு துண்டில் எழுதி, வவுனியாவில் கடையில் வாங்கச் சொன்னார். என் கணவர் மாங்குளம் வரைக்கும் சைக்கிளில் போய், அங்கே பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனார். விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

ஆட்டை விற்றோம். என் தோடு முன்பே அடைவில் இருந்தது. கடை முதலாளியிடம் கேட்டோம். வரப்போகிற நெல்லுக்கு ஏற்கெனவே முற்பணம் தந்தாயிற்று என்று கையை விரித்தார். இருந்ததைக் கொண்டுபோய் மூன்று நாளுக்குக் குளிசை வாங்கினோம். காய்ச்சல் தணிந்தது. பிள்ளை கஞ்சி கேட்டாள். கர்த்தர் இரங்கிவிட்டார், இனி மருந்து வேண்டாம் என்று பாட்டுப் பாடினேன். மடைச்சி! ஆறாம் நாள் காய்ச்சல் முன்னிலும் மோசமாக ஏறியது. அப்போதிக்கரி ஐயா திட்டாத திட்டு இல்லை. அரைகுறையாகக் கொடுத்தால் இப்படித்தான் திரும்பும், இந்த முறை முழுவதும் கொடுக்காவிட்டால் பிள்ளை தப்பாது என்றார்.

இனி வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நேரம் என் குசினியில் ஒரு தகரப் பீப்பா நிறைய அரிசி இருந்தது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நம் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைப்போம். ஞாயிறு தோறும் அது என் வீட்டில் வந்து சேரும். ஆலயத்துக்கு ஓடு போடுவதற்காக அதை விற்போம். பொறுப்பு என் கையில். கர்த்தருடைய அரிசி என்று அதற்குப் பெயர் வைத்தவளும் நான்தான்.

மாதர் சங்கத் தலைவியிடம் ஓடினேன். வெட்டு முடிந்ததும் அளந்து திருப்பித் தருகிறேன், இப்போது அதை விற்று மருந்து வாங்க விடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை.

"நீங்கள்தானே பாக்கியத்துக்குச் சொன்னனீங்கள், கர்த்தரின்ரை அரிசியிலை கை வைக்கக் கூடாதெண்டு. இப்ப உங்கடை பிள்ளையெண்டவுடனை அது மாறுமோ?" என்றார். பிறகு, "நாங்கள் ஜெபிக்கிறம்" என்றார்.

தலைவியம்மா இதோ முன்வரிசையில் இருக்கிறார். நான் சொல்வது பொய்யென்றால் எழும்பிச் சொல்லட்டும். பொய்யில்லை. அவர் சொன்னதும் பொய்யில்லை.

பாக்கியம் எங்கள் காணிக்கு நாலாவது காணி. முன்பு நம் சபையில்தான் இருந்தாள். முந்திய வருடம் அவளுடைய மகனுக்கும் இதே காய்ச்சல் வந்தது. இதே மாதிரி மருந்துத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என் குசினி வாசலில் வந்து நின்றாள். நான் அரிசி கொடுக்கவில்லை. அது கர்த்தருடையது, தொட்டால் சாபம், நீ ஜெபம் பண்ணு என்று அனுப்பிவிட்டேன். நானும் ஜெபித்தேன். உண்மையாகவே முழங்கால் நோக ஜெபித்தேன். பதினோராம் நாள் பையன் செத்துப்போனான். அதன் பிறகு அவள் ஆலயத்துக்கு வரவில்லை. பின்வாங்கிப் போனாள் என்று நாங்கள் எல்லோரும் கதைத்தோம்.

தலைவியம்மாவிடமிருந்து வந்து பீப்பா மூடியைத் திறந்தேன். கையை உள்ளே விட்டேன். எடுக்க முடியவில்லை. எடுத்தால் கர்த்தர் என் பிள்ளையை எடுத்துவிடுவார் என்று பயம். அப்படிப்பட்ட ஒரு கர்த்தரைத்தான் நான் பாக்கியத்துக்குக் காட்டியிருந்தேன். இப்போது அவர் என்னையே மிரட்டினார். அங்கேயே நிலத்தில் விழுந்து, ஆண்டவரே, யார் கையாலாவது உதவி அனுப்பும், யாருடைய கையென்றாலும் சரி என்று அழுதேன்.

அடுத்த நாள் முற்பகல் பாக்கியம் வந்தாள். தலையில் ஒரு கடகம் அரிசி. பின்னால் இரண்டு பெண்கள், அவர்கள் தலையிலும் அரிசி. டிஸ்பென்சரியில் கேள்விப்பட்டு, காலையிலிருந்து வீடு வீடாகப் போயிருக்கிறாள். எல்லாம் நம் சபைக்கு வெளியில் உள்ள வீடுகள். வைகாசிப் பொங்கலுக்கென்று அம்மனுக்குச் சேர்த்து வைத்த பிடியரிசி. பிள்ளைக்கு மருந்து வாங்க என்றதும், அம்மன் கோபிக்க மாட்டா என்று சொல்லி அப்படியே கொட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கெண்டு நான் கொண்டு வரேல்லை, அக்கா. பிள்ளைக்குக் கொண்டு வந்தனான். முழுக்க வாங்குங்கோ, அரைவாசி வாங்காதேங்கோ."

போகும்போது என் பீப்பாவை ஒருதரம் பார்த்தாள்.

அந்த அரிசியை மாங்குளத்தில் விற்று, வவுனியாவில் மருந்து முழுவதும் வாங்கினோம். எஸ்தர் பிழைத்தாள். தலைமயிர் எல்லாம் கொட்டி, மறுபடியும் வளர்ந்து, இன்று பாடற்குழுவில் நிற்கிறாள். கர்த்தருக்கு ஆயிரம் ஸ்தோத்திரம். மனதாரச் சொல்கிறேன்.

பாக்கியத்திடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். தேத்தண்ணி தந்தாள். மன்னிப்பைப் பற்றி ஒரு கதையும் இல்லை. அவள் தரத்தான் வேண்டும் என்று நான் எப்படிக் கேட்பது?

பீப்பாப் பொறுப்பை விட்டுவிட்டேன். பிடியரிசி இன்னும் எடுக்கிறேன். ஆனால் அதைச் சங்கத்துக்குக் கொடுப்பதில்லை. மாத முடிவில் டிஸ்பென்சரிக்குப் போய், இந்த மாதம் யாருக்கு ஐயா துண்டு எழுதினீர்கள் என்று கேட்டு, அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று கேட்பதில்லை. சபையில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்காமலே இருக்கட்டும். நம் ஆலயத்துக்கும் ஓடு போட்டாயிற்று, அழகாகத்தான் இருக்கிறது.

சகோதர சகோதரிகளே, கர்த்தரை நம்புங்கள். அவர் ஜெபத்தைக் கேட்கிறார், அதற்கு நான் சாட்சி. என் ஜெபத்தைக் கேட்டுப் பாக்கியத்தை அனுப்பினார். அதற்கு முந்திய வருடம் பாக்கியத்தின் ஜெபத்தையும் கேட்டார். அவளை என்னிடம்தான் அனுப்பினார்.