எடுக்கக் கூடாத ரிங்

"ஆண்ட்டி, உங்களுக்கு டேட்டா வேணுமா, கால் வேணுமா?" என்று கேட்டாள் கடைப்பெண்.

"ஒரு ரிங் வேணும்மா" என்றேன்.

கோலா சிலாங்கூர் பழைய பட்டணத்தில், குன்றின் அடிவாரத்துக் கடை வரிசையில் இருக்கிறது அந்தக் கைப்பேசிக் கடை. எதிர்க்கடைத் தகரக் கூரையில் ஒரு குரங்கு உட்கார்ந்து யாருடைய ரொட்டியையோ பிய்த்துக்கொண்டிருந்தது. கடைப்பெண்ணுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். என் முன்னால் மூன்று தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து வைத்திருந்தாள். முதல் தாள், இங்குள்ள என் எண்ணையே இந்தியாவிலும் வைத்துக்கொள்ளும் ரோமிங். இரண்டாவது, திருச்சியில் இறங்கியதும் வாங்கிக்கொள்ளும் அந்த ஊர் சிம். மூன்றாவது இ-சிம். அதற்கு உடம்பே கிடையாது. கட்டம் கட்டமாக ஒரு படத்தைக் கேமராவில் காட்டினால் ஆவி மாதிரி ஃபோனுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"ரிங்குன்னா கால்தானே ஆண்ட்டி?"

"கால் இல்ல. அடிக்கும். நான் எடுக்க மாட்டேன்."

"எடுக்க மாட்டீங்களா?" அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்புறம் எதுக்கு லா ஃபோன்?"

அவளுக்கு எப்படிச் சொல்வேன்? ஒருவர் அடிப்பது, மற்றவர் எடுக்காமல் இருப்பது என்று ஒரு பேச்சு உண்டென்பதை, நிமிடத்துக்கு நூறு செய்தி அனுப்பும் ஒரு பிள்ளைக்கு எந்த வாயால் சொல்வேன்?

எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் கைப்பேசி வந்த காலத்தில் எல்லாருடையதும் முன்பணம் போட்ட சிம்தான். பேசினால் கரையும், பேசாவிட்டால் கரையாது. ஆகவே பேசாமலே பேசக் கற்றோம். பஸ் ஏறிவிட்டால் ஒரு ரிங். தொழிற்சாலையில் வேலை முடிந்துவிட்டால் ஒரு ரிங், மோட்டார் சைக்கிள் கேட்டுக்கு வந்து நிற்கும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டு ஃபோன் ஒருமுறை சிணுங்கி அடங்கினால், அடுத்த வீட்டுக்காரிக்கும் தெரியும், அவன் வந்துகொண்டிருக்கிறான், அரிசியைப் போடலாம் என்று. பிறகு தோட்டம் கைமாறியது. லயங்களை இடித்தார்கள். பேச்சு மலிவாகி, அளவில்லாமல் பேசு என்று விளம்பரம் வந்தது. எல்லாரும் அந்த ரிங்கை விட்டுவிட்டார்கள். நானும் என் அக்காவும் மட்டும் விடவில்லை.

அக்கா சுங்கை ஆயர் தாவாரில் இருக்கிறாள். லயத்துக்குப் பதிலாகக் கிடைத்த சின்ன வீடு, தனி ஆள். தோட்டத்து ஆயாக்கொட்டகையில், பால்வெட்டுக்குப் போன தாய்மார்களின் பிள்ளைகளைத் தூளியில் ஆட்டியே பாதி ஆயுளைக் கழித்தவள், தனக்கென்று ஒரு தூளி கட்டிக்கொள்ளவில்லை. நான் கோலா சிலாங்கூரில், நான்காவது மாடியில், நானும் தனி ஆள். இடையில் ஒரு மணி நேரப் பயணம். சுங்கை புரோங் நெல் வயல்கள் ஒரு மாதம் பச்சை, ஒரு மாதம் பொன், ஒரு மாதம் வெறும் சேறும் கொக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் அதைக் கடந்து அவளிடம் போவேன். பேச்சு அன்றைக்குத்தான். "பேசணும்னா பஸ் ஏறி வா. ஃபோன்ல என்னடி பேச்சு?" என்பாள்.

போன வருடம் அவள் இதயத்தில் இரண்டு அடைப்பு. ஸ்டென்ட் குழாய் வைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு அவள் ஒரு ரிங் அடிப்பாள். மாத்திரை போட்டாயிற்று, கதவைச் சாத்தியாயிற்று, நெஞ்சு ஒழுங்காக அடிக்கிறது என்று அர்த்தம். நான் ஒரு ரிங் திருப்பி அடிப்பேன். சரி என்று அர்த்தம். யாரும் எடுக்கக் கூடாது. ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்ஃபோன், ஒரே நாளில் திரும்பப் பெட்டிக்குள் போய், அலமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. "தேய்ச்சா எங்கியோ போயிருது" என்று பட்டன் ஃபோனோடு நின்றுவிட்டாள்.

அவளைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோன அன்று நான் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். அதற்குத்தான் இந்தப் பயணம். கோயில் கூட்டத்தோடு பத்து நாள். பத்து நாளும் ஏழு மணிக்கு அந்த ரிங் எனக்கு வர வேண்டும். வராவிட்டால் நான் கடலைத் தாண்டி ஓடி வர முடியாது.

இதையெல்லாம் கடைப்பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் இரண்டாவது தாளை மட்டும் எடுத்து மேசைக்கு அடியில் போட்டாள்.

"அப்போ அந்த ஊர் சிம் வேணாம் ஆண்ட்டி. நம்பர் மாறிரும். ரிங்கு பழைய நம்பருக்கே போகும்." யாருக்கோ ஃபோன் போட்டு மலாயில் விசாரித்தாள். பிறகு விரலை நீட்டிச் சொன்னாள்: "ரோமிங் ஆன் பண்ணி வைங்க. வர்ற கால எடுத்தா காசு. எடுக்கலன்னா ஒண்ணும் கிடையாது. வாய்ஸ் மெயில நான் கட் பண்ணிடறேன், இல்லன்னா அது எடுத்துரும். டேட்டாவுக்கு இ-சிம். ஆனா இந்தப் பழைய சிம்முல டேட்டா ரோமிங்க மட்டும் தொட்டுராதீங்க ஆண்ட்டி, தெரியாம ஆன் ஆச்சுன்னா பில்லப் பார்த்து நெஞ்சு வலி வந்துரும்."

ஃபோனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எங்க பாட்டனுங்க செம கில்லாடி லா" என்றாள். பாட்டன் இல்லையம்மா, நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவள் மூட்டிய பயத்தை அப்படியே மூட்டை கட்டி அக்காவிடம் கொண்டுபோனேன். "அங்கேர்ந்து நான் அடிச்சா எடுத்துராதே. எடுத்தே, பில்லு எகிறிரும். என்ன ஆனாலும் எடுக்காதே" என்றேன். "எனக்கே பாடமா?" என்று அவள் கோழிக் கறியைக் கிளறினாள்.

திருச்சியில் விமானம் இறங்கியபோது விடியவில்லை. அங்கிருந்து பேருந்து. என் பாட்டனார் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று எனக்குத் தெரியாது. அதனால் கண்ணில் பட்ட எல்லா ஊரையும் உரிமையோடு பார்த்தேன். மதியத்துக்குள் வேளாங்கண்ணி. மொட்டைத் தலைகள், மெழுகுவர்த்திகள், வறுத்த மீன் வாடை, முழங்காலால் மணலில் நகர்ந்துகொண்டிருந்த ஒரு பெண். கடை ஒன்றில் தகட்டில் வெட்டிய காணிக்கை உருவங்கள் தொங்கின. கண், கால், கை, குழந்தை. நான் இதயத்தை வாங்கினேன். உள்ளங்கை அகலம்கூட இல்லை. சூடாக இருந்தது, வெயில்தான்.

நம் ஊர் ஏழு மணி என்றால் அங்கே நாலரை. நாலு மணிக்கே வரிசையில் நின்றேன், ஒரு கையில் தகட்டு இதயம், ஒரு கையில் ஃபோன். காணிக்கை போடும் நேரத்தில் ரிங் வர வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு பேராசை.

நாலரை. ஃபோன் அடிக்கவில்லை.

நாலு முப்பத்தைந்து. சிக்னல் கோடுகளைப் பார்த்தேன், முழுதாக இருந்தன. நாற்பது. அக்கா ஏழு மணி தாண்டி அடித்ததே இல்லை. வானொலிச் செய்திக்கு முன் அவள் விரல் பட்டனில் இருக்கும். நான் ஒரு ரிங் அடித்தேன். பதில் ரிங் இல்லை. மறுபடி அடித்தேன், இந்தத் தடவை துண்டிக்கவில்லை. அடிக்கவிட்டேன். அங்கே, சாப்பாட்டு மேசையின் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பின்மேல் அந்தப் பட்டன் ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து நகர்வது எனக்குத் தெரிந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. ஐந்தாவது, ஆறாவது. ஒவ்வொரு முறையும் முழுதாக அடித்து ஓய்ந்ததும், மலாயில் ஒரு பெண் வருத்தம் தெரிவித்தாள்.

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவர் என்னைத் தொடாமல் தள்ளினார். அக்கா வீட்டுக் குளியலறைத் தரை ஈரமாக இருந்திருக்குமோ? என் கையில் இருந்த தகடு விரலில் வெட்டியதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

இ-சிம்மில் இணையம் இருப்பது நினைவுக்கு வந்தது. அக்காவின் பக்கத்து வீட்டில் ஒரு லோரி ஓட்டுநர் குடும்பம். அவர் மனைவியை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். எடுத்தாள். பின்னணியில் ஒரே இரைச்சல்.

"அக்கா, நான் பாசார் மாலாம்ல நிக்கிறேன். என்னாக்கா, ஊருக்குப் போய்ச் சேந்தாச்சா?"

"பெரியக்கா ஃபோன எடுக்கல. ஆறு தடவ அடிச்சிட்டேன். கொஞ்சம் போய்ப் பாக்கிறியா?"

அந்த இரவுச் சந்தை இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தி, "பத்து நிமிஷம்க்கா" என்றாள். வாங்கிய சாமானை அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். அது எனக்கு அப்புறம் தெரியவந்தது.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் வரிசையின் முன்னால் வந்துவிட்டேன். காணிக்கைப் பெட்டியின் வாய் திறந்திருந்தது. தகட்டு இதயத்தைப் போட மனம் வரவில்லை. போட்டால் முடிந்துவிடும் போல இருந்தது. விலகி, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டேன். மாதாவிடம் நான் ஒன்றும் வேண்டவில்லை. இரு, இரு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன், யாரிடம் என்று தெரியாமல்.

ஃபோன் வந்தது. லோரிக்காரர் மனைவி அதை அணைக்காமலே அக்கா வீட்டுக் கேட்டைத் திறந்தாள். கம்பி கிறீச்சிட்டது. நாய் குரைத்தது.

"பெரியக்கா! பெரியக்கோ! கதவத் தொறங்க!"

ஒரு தாழ்ப்பாள். அது விழுந்த சத்தம் அத்தனை கடலையும் தாண்டி வந்தது. அப்புறம் என் அக்காவின் குரல், எரிச்சலோடு, முழு உயிரோடு.

"என்னடி இது, வீடு பத்திக்கிட்டா?"

"ஒங்க தங்கச்சி ஃபோன் அடிக்கிதே, எடுக்க மாட்டீங்களா?"

"அடிக்கிது, அடிக்கிது. ஒரு ரிங்கு போதும்னு தெரியாதா அவளுக்கு? ஃப்ளைட் ஏறுன ஒடனே பெரிய மனுசி ஆயிட்டா, ஆறு தடவ அடிக்கிறா. எடுத்தா பில்லு ஏறும், எடுக்காதேன்னு அவதானே லா சொன்னா?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். லோரிக்காரர் மனைவி சிரிக்கத் தொடங்கினாள், மூச்சு இரைக்க இரைக்க. ஃபோனை அக்காவின் காதில் வைத்தாள்.

"நீ ஏன் அடிக்கல?" என்று கத்தினேன்.

"அடிக்கலயா? ஏழு மணிக்கு நாலு தடவ அடிச்சேன்டி! நம்பரப் போட்டா சத்தமே வரல. பத்து எண்ணிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. வச்சிட்டேன்."

நம் ஊருக்குள்ளே பட்டனை அழுத்தினால் உடனே மணி அடிக்கும். கடல் தாண்டிய அழைப்பு, தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அந்தச் சும்மாவுக்குள் அவள் நான்கு முறையும் வைத்துவிட்டாள். இதைக் கடைப்பெண்ணும் சொல்லவில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு ரிங்கோடு துண்டிக்கும் ஆளை அவள் பார்த்ததே இல்லை.

"எங்கயாச்சும் விழுந்து கெடக்கியோன்னு எனக்குக் கையி காலு ஓடல" என்றாள் அக்கா. "அப்புறம் நீ அடிச்ச. சரி, உசுரோட இருக்கான்னு போயி கஞ்சி குடிச்சேன்."

"நான் உசுரோட இருக்கேனான்னா? அது உனக்கு வச்ச ரிங்கு!"

"எனக்கா?" அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "எனக்குத்தான் சுத்தி ஆளு இருக்கே. கூப்புட்டா இவ ஓடியாரா. ஒனக்கு அந்த நாலாவது மாடியில யாருடி இருக்கா? நீ திருப்பி அடிக்கிறியான்னு பாக்கத்தானே நான் அடிக்கிறதே."

இத்தனை மாதமும், ஏழு மணிக்கு அந்த ஒற்றை மணி அடித்ததும், கடமையை முடித்த ஒரு பெரிய மனுஷியாக நான் எழுந்து போய் விளக்கைப் போட்டதை நினைத்துக்கொண்டேன்.

"நாளைக்கு, மணி சத்தம் காதுல விழுற வரைக்கும் வைக்காதே" என்றேன். "எவ்வளவு நேரமானாலும்."

எழுந்து திரும்பவும் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். இந்த முறை தகட்டு இதயத்தைப் போட்டேன். பெட்டிக்குள் அது மற்ற இதயங்களின்மேல் விழுந்து சின்னதாகக் கணீரென்றது.

மறுநாள் நாலரைக்குக் கடலோரத்தில் நின்றேன். அலை என் செருப்பைக் கேட்டு வந்து போய்க்கொண்டிருந்தது. ஃபோன் அடித்தது. ஒன்று. வைக்கவில்லை, சொன்னபடியே மணி காதில் விழும்வரை பிடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு. கடைப்பெண் விரலை நீட்டி எச்சரித்தது நினைவுக்கு வந்தது. மூன்று. எடுத்தேன்.

"ஐயோ, ஏன்டி எடுத்த?"

"சும்மாதான்."

"மாத்திர போட்டுட்டேன். கதவு சாத்திட்டேன். வை, வை, பில்லு ஏறும்."

"நீதானே அடிச்ச, நீ வை."

"நீதானே எடுத்த, நீ வை." பிறகு, "அது என்ன அங்க அவ்வளவு சத்தம்? லோரியா?"

"கடல்."

அவள் யோசித்தாள். அவள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்தில், சதுப்பு மரங்களுக்குப் பின்னால், நம் ஊர்க் கடலும் இருக்கிறது. சேற்றின்மேல் சத்தமில்லாமல் ஏறி, சத்தமில்லாமல் இறங்கும்.

"நம்ம கடலு இப்படிக் கத்தாதே" என்றாள்.

ஃபோனை அலைக்கு நேராகப் பிடித்தேன். ஓர் அலை வந்து உடைந்தது. இன்னொன்று. அவள் வைத்துவிட்டாளோ என்று காதில் ஒட்டிப் பார்த்தேன்.

"பில்லு ஏறுதுடி" என்றாள், வைக்காமல்.