கொலைக்கு முன்பே சொன்ன பெயர்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் மூட்டை தைக்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்குள்ள டிவியில் பழைய துப்பறியும் தொடர் ஓடும். தினம் ஒரு கொலை. கதை முடிவதற்குள் என்னோடு வேலை செய்யும் அந்தோணி கொலைகாரனைச் சொல்லிவிடுவான். சுக்குப் பொறுக்கும் பெண்கள் கைதட்டுவார்கள். என்னைப் போலவே அவனும் ஐந்தாவதோடு நின்றவன். கூச்சத்தில் வாயே திறக்காத எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள், அடுத்து வரப்போகும் கதையை மகளின் போனில் பார்த்துவிட்டுப் போனேன். டிவியில் பங்களாக்காரம்மா காபி குடித்துக்கொண்டிருந்தார். அந்தோணியை முந்திவிடும் அவசரத்தில், "தோட்டக்காரன்தான் கொன்னான்" என்றேன்.

சுக்குப் பொறுக்கும் தேவகி சேச்சி சிரித்தாள். "ஆரைக் கொன்னான் சேட்டா? இன்னும் ஒருத்தரும் சாகலையே!"

நான் சட்டென்று குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அந்தோணி என்னை ஒரு பார்வை பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"சிரிக்காதீங்க சேச்சி. தோட்டக்காரனுக்குக் கதையில ஒரு வேலையும் இல்ல. ஆனா மூணு தடவ ஜன்னல்கிட்ட வந்துட்டான். எழுதினவன் சும்மாவா கூட்டிட்டு வருவான்? அண்ணன் அதைப் பிடிச்சிட்டார்" என்றான்.

கடைசியில் தோட்டக்காரன் பிடிபட்டதும் எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள். அந்தோணியும் தட்டினான்.

முழுக் கதையையும் பார்த்திருந்த நான் அந்த ஜன்னலைக் கவனிக்கவே இல்லை. அவன் இப்படித் திருட்டுத்தனம் செய்து என்னிடம் மாட்டியிருந்தால், அத்தனை பேர் முன்னாலும் காட்டிக்கொடுத்திருப்பேன். அவன் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். முன்பு அவன் மூளையைப் பார்த்து மட்டும்தான் இருந்தது; இப்போது அவன் மனசைப் பார்த்தும்.