ஒப்பிக்காத பிடில்கள்

மலைமேல் இருந்த எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு ஐந்து பிடில்கள் வந்த கதை வேறு. அவை பறிபோகாமல் நின்ற கதைதான் என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்பது சும்மா அடக்கத்துக்குச் சொல்வது.

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். எங்கள் ஊரான செம்மேட்டுக்கு பஸ் எல்லாம் கிடையாது. பள்ளி இன்ஸ்பெக்டர் வருடத்துக்கு ஒரு தரம் அடிவாரத்திலிருந்து டோலியில் தூக்கி வரப்படுவார். ஒரு வருடம், பாட்டு டீச்சரான நான் பழக்கிய பிள்ளைகள் வாசித்த கீதத்தைக் கேட்டுவிட்டு, "சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறாங்க. சொந்தமா ஒரு வரி வராது. அடுத்த வருஷமும் இப்படியே இருந்தா பிடிலை எல்லாம் டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் பேசினால் வேலை போய்விடும்.

அவர் டோலி மறைந்ததும் மோகன ராகத்தைக் கையில் எடுத்தேன். ஐந்தே சுரங்கள், பிள்ளைகள் தடுமாற இடம் குறைவு. நான் சின்னதாக ஏதாவது வாசித்துவிட்டு, "இதுக்கு நீ பதில் சொல்லு கண்ணு" என்பேன். பதில் வரும். நான் வாசித்ததே வரும், அச்சு பிசகாமல், என் வில் வழுக்கிய இடம் உட்பட. கெஞ்சினேன், கத்தினேன். மறுபடியும் அதே. என் தப்பைக்கூட அவ்வளவு அழகாக வாசிக்கிறார்களே என்று ஒரு பக்கம் சிரிப்பும் வந்தது.

கடைசியில் திருப்புலி நாடு என்று மலையில் சொல்கிற ஊர்க் கூட்டத்திலிருந்து வரும் ஒரு பெண் வாயைத் திறந்தாள். பன்னிரண்டு வயது இருக்கும். "டீச்சரம்மா, நீங்க கூப்புட்டதை நாங்க எப்படிங்க மாத்துறது? மாத்துனா தப்புங்களே."

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. சாமைக் காட்டில் காவல் இருப்பவர்கள் ஒரு சரிவிலிருந்து எதிர்ச் சரிவுக்குக் கூவித்தான் சேதி சொல்வார்கள். கேட்டவர் அதை அதே இழுப்போடு திருப்பிக் கூவ வேண்டும். அப்போதுதான் சேதி சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று கூவியவருக்குத் தெரியும். கொஞ்சம் மாற்றினாலும் காய்ச்சலில் கிடப்பவர் செத்துவிட்டதாகச் சேதி போய்விடும். என் பிள்ளைகள் இத்தனை நாளும் எனக்கு மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்!

மறுநாள் முறையைத் தலைகீழாக மாற்றினேன். "இனிமே நான் கூப்பிட மாட்டேன். நீங்க கூப்பிடுங்க, நான் திருப்பிச் சொல்றேன்."

"உங்களுக்கு என்ன சேதிங்க சொல்றது?" என்று ஒருத்தி சிரித்தாள்.

பசிக்கிறது என்று சொல், மழை வருகிறது என்று சொல், என்மேல் கோபமா, அதையும் சொல் என்றேன். எல்லோரும் முதலில் கோபத்தைத்தான் எடுத்தார்கள். நான் கத்தியதற்கெல்லாம் வட்டியும் முதலுமாக வாங்கிக்கொண்டேன். ஆனால் கோபத்துக்கு வில்லை அழுத்திப் பிடிக்க வேண்டும், பசிக்குப் பாதியில் நிறுத்தி நிறுத்தி இழுக்க வேண்டும் என்று அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். நான் திருப்பி வாசிப்பது சரியில்லை என்றால் விடமாட்டார்கள். "அப்படி இல்லீங்க, இன்னும் இழுக்கோணுங்க" என்று என்னையே திருத்துவார்கள்.

அடுத்த வருடம் இன்ஸ்பெக்டர் மழையில் நனைந்து, டோலியில் குலுங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திருப்புலி நாட்டுப் பெண் வாசித்தாள். கீழ்ப் பஞ்சமத்தில் மெதுவாக ஆரம்பித்து, அவசரமே இல்லாமல் மேலே ஏறி, அங்கே நின்று நிதானித்து இறங்கினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நல்லா மனப்பாடம் பண்ண வச்சிருக்கீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு அவளிடம், "எங்கே, அதையே இன்னொரு தடவை வாசிம்மா" என்றார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். வில்லை எடுத்தாள். வந்தது முற்றிலும் வேறு. மேலிருந்து ஆரம்பித்து, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, விடாமல் பிடித்து இழுக்கிற வாசிப்பு. அவர் கேட்டதைச் செய்யவில்லையே என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியரைப் பார்த்தேன்.

"இது முன்னே வாசிச்சது இல்லையே. மறந்துட்டியா?"

"மறக்கலீங்க. அதைத்தான் நீங்க கேட்டுட்டீங்களே, மறுபடி எதுக்குங்க? இப்பச் சொன்னது வேற சேதிங்க."

"என்ன சேதி?"

"பிடிலை எடுத்துட்டுப் போயிராதீங்கன்னு சொன்னனுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். தலைமையாசிரியர் எழுந்து ஏதோ சொல்லப் போனார். இன்ஸ்பெக்டர் அவரைக் கையமர்த்திவிட்டு, "பிடில் எங்கேயும் போகாதும்மா" என்றார்.

அதை அவர் என்னிடமோ தலைமையாசிரியரிடமோ சொல்லவில்லை, அவள் சேதிக்குப் பதிலாக அவளிடம் சொன்னார். என் உத்தியோக காலம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.