நான் போட்ட மூன்று டிக்

டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் உட்காரும் எங்களுக்குப் பட்டமும் கிடையாது, கோட்டும் கிடையாது; இரண்டு பக்கத்துத் திட்டு மட்டும் தவறாமல் கிடைக்கும். ஊர் ஊராய் கிளினிக்குகளில் டோக்கன் எழுதியும் எடை பார்த்தும் தொண்டை வறண்டு கிடக்கும் சகோதரிகளே, உங்களுக்குத்தான் இது.

சேர்ந்த அன்று

பெரம்பலூரில் எங்கள் தெருவிலேயே ஒரு சர்க்கரை நோய் கிளினிக். மகள் ஹாஸ்டலுக்குப் போனபின் வீட்டில் அதட்ட ஆளில்லாமல் தவித்த என்னை, கான்வென்ட் கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று டாக்டரம்மா கூப்பிட்டுக்கொண்டார். விதி ஒன்றுதான்: கேட்கலாம், எழுதலாம், வைத்தியம் சொல்லக் கூடாது.

கூட வேலை பார்ப்பவள் புஷ்பா. தா.பழூர்ப் பக்கத்துப் பெண், பத்தாவதோடு நிறுத்தியவள். எடை, பிரஷர், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. "நர்ஸிங் படிக்காதவங்களையா இதுக்கு வெச்சிருக்கீங்க?" என்று அவள் எதிரிலேயே டாக்டரைக் கேட்டேன். பதில் புஷ்பாவிடமிருந்து வந்தது: "நீங்க சர்க்கரைக்கு என்னக்கா படிச்சிருக்கீங்க?"

ஊசி பயம்

லப்பைக்குடிக்காட்டு நூர்ஜஹான் அம்மாவுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை வந்த இரண்டு முறையும் ஏறியே இருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டு, அடுத்த முறையும் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று சொல்லிவிட்டார். அந்தம்மா வெளியே வந்து என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்: "மவன் துபாய்ல, நான் ஒண்டியாளு. எனக்கு நானே எப்புடிம்மா குத்திக்குவேன்?"

எடை மெஷின்

வாலிகண்டபுரத்து விவசாயி ஒருவர் செருப்பு, துண்டு, செல்போன், மஞ்சப்பை சகிதம் மெஷின்மேல் ஏறினார். "இறங்குங்க! எல்லாத்தையும் வெச்சுட்டு ஏறுங்க" என்று கத்தினேன். மனிதர் அசையவில்லை.

புஷ்பா வந்தாள். "பெரியப்பா, பையில என்ன?"

"ரெண்டு கிலோ கத்திரிக்கா. டாக்டரம்மாவுக்கு."

"அதுக்கா சர்க்கரை? இப்புடிக் குடுங்க, அதைத் தனியாப் பாத்துக்கலாம்."

சிரித்துக்கொண்டே இறங்கி எல்லாவற்றையும் கழற்றி வைத்தவர், என்னைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் புள்ளகிட்டக் கொஞ்சம் பேசப் பழகிக்கம்மா."

சாப்பிட்டீங்களா?

மறுமாதம் நூர்ஜஹான் அம்மா வந்தார். பத்து நாளாகத் தலைசுற்றல், கை நடுக்கம் என்றார். வழக்கம்போல் கேட்டேன்: "சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்கம்மா."

'வெறும் வயிறு' என்ற கட்டத்தில் அழகாக ஒரு டிக் போட்டு அனுப்பினேன்.

விரலைப் பிடித்த புஷ்பா குத்தவில்லை. "எழுந்ததுலேருந்து வாயில என்னென்ன போச்சு, நூரம்மா?"

"என்ன போச்சு... பஜ்ர் தொழுதுட்டு ஒரு டீ. பஸ் ஏறுமுன்ன இன்னொண்ணு, ரெண்டு ரஸ்க்கோட."

"போன தடவையும்?"

"எப்பவும் அதாம்மா."

எனக்குப் பொறுக்கவில்லை. "சாப்பிடலைன்னு என்கிட்டச் சொன்னீங்களே!" என்று பாய்ந்தேன். அந்தம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "நான் எங்கம்மா சோறு தின்னேன்? டீயெல்லாம் சாப்பாடா?"

டாக்டர் அறையில்

மூன்று முறையும் டிக் போட்டது நான்தான். முதல் இரண்டை நம்பித்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மாத்திரை அதிகமாகிச் சர்க்கரை தாழ்ந்திருக்கிறது; தலைசுற்றலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. புஷ்பா போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் ஃபைலை என் கையில் கொடுத்தாள். போய் ஒப்புக்கொண்டேன். டாக்டர் திட்டாததுதான் கஷ்டமாக இருந்தது. மாத்திரையைப் பழைய அளவுக்கு இறக்கி, தண்ணீரைத் தவிர எதையும் தொடாமல் அடுத்த வாரம் வரச் சொன்னார்.

வந்தார். சர்க்கரை இறங்கியிருந்தது. ஊசி வேண்டாம் என்றதும் நூர்ஜஹான் அம்மா புஷ்பாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் அதிகம் கிடைக்காத 'தேங்க்ஸ்' ஒன்றை நானும் அவளிடம் சொன்னேன். அவள் அடுத்தவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றியபடியே சொன்னாள்: "அட விடுங்கக்கா, எங்க வூட்டுலயும் டீயை யாரும் கணக்குல சேக்க மாட்டாங்க."

ஊரே தினமும் கேட்கிற ஒரு கேள்வியை ஒழுங்காகக் கேட்கத் தெரிய எனக்கு ஐம்பது வயதும் ஒரு புஷ்பாவும் தேவைப்பட்டிருக்கிறது.